குடல்வாய்ப் பராமரிப்பும் கைத்தொலைபேசிச் செயலியும்: அம்பாறைக் கரையோரத்தை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

வயிற்றின் முன்புறச் சுவரிலே துவாரமிட்டு, குடலின் ஒரு பகுதியை அதனூடாக வெளிக்கொணர்ந்து தோலோடு இணைத்துவிடும் அறுவைச் சிகிச்சை நவீன மருத்துவத்திற் புதியதன்று. பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டவர்கள், குடல் அடைப்புற்றவர்கள், வெடியாலும் வாகன விபத்தாலும் வயிறு கிழிபட்டவர்கள், மலவாயில் இன்றிப் பிறந்த சிசுக்கள் எனப் பலருக்கும் உயிர் காக்கும் வழியாக அது அமைந்துள்ளது. சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஆயுள் முழுவதும் அவ்வாயில் நிலைக்கின்றது. சிறுநீரை இவ்வாறு திசைதிருப்பும் அறுவையும் உண்டு. இவ்வாயிலை மருத்துவர் ஸ்ரோமா என்பர். வாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. நமது ஊர்களிலே நோயாளரும் உறவினரும் அதற்குப் பெயரே இடுவதில்லை. 'வயிற்றில பை வைச்சிருக்கு' என்று தாழ்ந்த குரலிற் கூறி நிறுத்திக்கொள்வர். பெயரின்மைக்கு வெட்கம் ஒரு காரணம். பொருத்தமான சொல் கைக்கு எட்டாமை மற்றொரு காரணம். இக்கட்டுரையில் அதனைக் குடல்வாய் எனச் சுட்டுவோம்.

அறுவை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடுகின்றது. ஆயின் குடல்வாயைப் பேணும் வேலை நோயாளி வீடு திரும்பிய பின்னரே தொடங்குகின்றது. பையை எப்போது வெற்றாக்குவது, எப்போது மாற்றுவது, தோல் சிவந்தால் என்ன செய்வது, எதனை உண்பது, எவருக்குச் சொல்வது என்ற வினாக்கள் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த நாள்களில் எழுவதில்லை. அவை வீட்டுக் குளியலறையிலே, இரவிலே எழுகின்றன. திருக்கோவில் பிரதேசச் செயலாளர் பிரிவிலுள்ள வினாயகபுரத்தில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு அறுவை நிகழ்ந்த இடம் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையாகவோ, கல்முனையின் வைத்தியசாலைகளுள் ஒன்றாகவோ, தீவின் மறுகரையிலே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள மகரகம அபேக்ஷா வைத்தியசாலையாகவோ இருக்கலாம். பைக்கும் தோலுக்கும் இடையே கசிவு ஏற்பட்டுவிட்டதென்பதற்காக அவர் பேருந்திலேறி அங்குச் செல்வாரா? கசிவோடு பேருந்தில் அமர முடியாது என்பதே முதல் விடை. ஆகவே அவர் வீட்டிலிருந்து பொறுத்துக்கொள்வார். பொறுத்துக்கொண்ட சில நாள்களில் தோல் புண்ணாகும். புண்ணான தோலிற் பை ஒட்டாது. ஒட்டாதபோது கசிவு பெருகும். இந்தச் சுழலை முதற் கட்டத்திலேயே அறுப்பதற்கு வேண்டியது பெரும்பாலும் மருந்தன்று. வேளையிற் கிடைக்கும் ஓர் அறிவுரையே. கைத்தொலைபேசிச் செயலி இவ்விடத்திலேதான் ஆராய்ச்சிக்குரிய பொருளாகின்றது.

இவ்வறிவுத்துறையின் வரலாறு கவனத்திற்குரியது. 1710 ஆம் ஆண்டிலே பிரான்சிய மருத்துவர் லித்ரே, மலக்குடல் வளர்ச்சிக் குறைபாட்டால் இறந்த சிசுவொன்றின் உடலை ஆராய்ந்து, குடலை வயிற்றுச் சுவருக்குக் கொணர்ந்தால் இத்தகைய குழந்தைகளைக் காக்கலாம் என்றார். 1793 இலே பிரெஸ்ற் நகரில் துரே என்பவர் மலவாயிலின்றிப் பிறந்த சிசுவுக்கு அவ்வாறே அறுவை செய்தார். அக்குழந்தை 45 ஆண்டுகள் வாழ்ந்தது. அறுவை நுட்பம் அதன் பின்னர் வளர்ந்துகொண்டே சென்றது. இரண்டாம் உலகப் போரிலே பெருங்குடற் காயங்களுக்கு இது கட்டாய நடைமுறையாயிற்று. 1952 இலே பிரித்தானியரான புரூக், சிறுகுடலின் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையைக் கொணர்ந்தார். ஆயின் அறுவைக்குப் பின்னர் அம்மனிதர் எவ்வாறு வாழ்வார் என்ற வினாவுக்கு விடை அறுவை மருத்துவரிடமிருந்து வரவில்லை. தென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சன் என்ற தாதி, குடல்வாய் பெற்ற தன் சகோதரி வீட்டைவிட்டு வெளியேற அஞ்சுவதைக் கண்டு, 1954 இலே தோலில் ஒட்டும் பிளாத்திக்குப் பையைக் கற்பனை செய்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்திலே, தாமே குடல்வாய் பெற்றிருந்த நோர்மா கில் என்ற பெண்மணியை அவருக்கு அறுவை செய்த தேண்புல் என்பவர் 1958 இலே பணிக்கமர்த்தி, பிற நோயாளருக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். இத்துறையின் முதற் சிகிச்சையாளர் அவரே. 1961 இல் அங்கு பயிற்சிப் பள்ளியும் உருவாயிற்று. பையைக் கண்டவர் நோயாளியின் சகோதரி, பராமரிப்பைக் கற்பித்தவர் நோயாளி. அறிவு மேலிருந்து கீழாகவே பாயும் என்று கருதுவோருக்கு இவ்வரலாறு ஓர் இடையூறாகும்.

செயலி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை உணர வேண்டுமாயின் அன்றாடப் பராமரிப்பின் நுணுக்கங்களை அறிதல் வேண்டும். நலமான குடல்வாய் உதட்டின் உட்புறம்போற் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலியுணரும் நரம்பில்லை. ஆகவே பையின் விளிம்பு அதனை அறுத்தாலும் நோயாளி உணரார். கண்ணாற் பார்த்தே அறிதல் வேண்டும். துடைக்கும்போது துளி இரத்தம் தோன்றுவது இயல்பு. நிறம் ஊதாவாகவோ கருமையாகவோ மாறுவது ஆபத்தின் அறிகுறி. தோலில் ஒட்டும் தட்டிலே வெட்டப்படும் துவாரம் குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றரே பெரிதாக இருக்கலாம். அதற்கு மேற்பட்டால் வெளிப்படும் தோலை மலம் தின்றுவிடும். அறுவைக்குப் பின்னர் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து குடல்வாய் சுருங்குவதால், வைத்தியசாலையில் எடுத்த அளவை வீட்டிலே தொடர்ந்து பயன்படுத்துவோர் கசிவுக்கு ஆளாகின்றனர். வாரந்தோறும் அளவெடுக்க வேண்டுமென்ற இச்சிறு செய்தி எத்தனையோ புண்களைத் தடுக்கவல்லது. பை மூன்றிலொரு பங்கு நிறைந்ததும் வெற்றாக்குதல் வேண்டும். இன்றேல் பாரம் தட்டைத் தோலிலிருந்து பிரித்துவிடும். தோலைக் கழுவுவதற்குச் சாதாரண நீர் போதும். கிருமிநாசினித் திரவங்கள் தோலை எரிக்கும். தேங்காயெண்ணெய் பூசுவது நமது மக்களுக்கு எல்லாப் புண்ணுக்கும் முதற் பரிகாரம். இங்கோ எண்ணெய் பட்ட தோலிற் பசை பிடிக்காது. இதனை எடுத்துச் சொல்லாத அறிவுரை நமது கரைக்கு அரைகுறையானதே. ஐரோப்பியத் துண்டுப் பிரசுரங்கள் எதிலும் தேங்காயெண்ணெய் பற்றிய எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது.

பெருங்குடலிலிருந்து அமைந்த வாயிலால் வெளியேறுவது ஓரளவு கெட்டியான மலம். சிறுகுடலிலிருந்து அமைந்ததாயின் வெளியேறுவது திரவம். சமிபாட்டு நொதியங்கள் கலந்திருப்பதால் அது தோலைக் கடுமையாகத் தாக்கும். அதனினும் பெரிய இடர் நீரும் உப்பும் உடலைவிட்டு நீங்குதல். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெளியேற்றம் நிகழுமாயின் சிறுநீரகமே பாதிப்புறக்கூடும். இங்கு ஒரு முரண் உண்டு. தாகம் மிகுந்து வெறும் நீரையே மேலும் மேலும் பருகினால், அந்நீர் குடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு வெளியேறி இழப்பைக் கூட்டுகின்றது. நமது பகுதியில் வெப்பத்திற்கு எல்லோரும் அருந்தும் தம்பிலியும் முழுத் தீர்வன்று. அதிற் பொற்றாசியம் நிறைய உண்டு, சோடியமோ குறைவு. இந்நோயாளருக்கு வேண்டியது சோடியம். ஆதலின் வாய்வழி நீரேற்றும் உப்புக் கரைசலே பொருத்தமானது. ஜீவனி என்ற பெயரில் மருந்துக்கடைகளிற் கிடைக்கும் பொட்டலம் இந்நாட்டில் எவரும் அறிந்ததே. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் துணைபுரியும். மலச்சிக்கல் மாத்திரை இவர்களுக்கு ஆகாது. மெதுவாகக் கரையும்படி உறையிடப்பட்ட சில மாத்திரைகள் கரையாமலே பையில் வந்து விழலாம். வெளியேற்றம் பல மணித்தியாலங்கள் நின்று, வயிறு முறுக்கி, வாந்தியும் கண்டால் அது அடைப்பு. அப்போது தொலைபேசியிற் பக்கம் புரட்டிக்கொண்டிராது வைத்தியசாலை செல்லல் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவுவண்டி வரும்.

இனிச் செயலிகளைப் பார்ப்போம். இன்று உலகிற் புழங்குபவற்றை நோக்கின், சில நாட்குறிப்பு வகையின. பை மாற்றிய நாள், வெளியேற்றத்தின் அளவு, உண்டவை ஆகியவற்றைப் பதிந்து நினைவூட்டுவன. சில கல்வி வகையின. படமும் அசைபடமும் கொண்டு செயன்முறையைக் காட்டுவன. சில நோயாளியையும் தாதியையும் இணைப்பன. நோயாளி குடல்வாயின் புகைப்படத்தை அனுப்ப, மறுமுனையிலுள்ள தாதி பார்த்து ஆலோசனை கூறுவார். மற்றுஞ் சில உணர்கருவியோடு கூடியவை. பிரித்தானியரான மைக்கேல் செரஸ் இளமையிலே குரோன் நோய்க்கு ஆட்பட்டு, 2011 இல் சிறுகுடல் மாற்று அறுவை பெற்றவர். பை நிரம்புவதை அறியாது அவதியுற்ற அவர், பையின் மேற்புறத்தில் ஓர் உணர்கருவியைப் பொருத்தி, நிரம்புங்கால் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை ஆக்கினார். அந்நாட்டில் அத்தகைய அறுவை பெற்ற 11 ஆம் நபர் தாம் என்பதால் தமது நிறுவனத்துக்கும் அவ்வெண்ணையே பெயராக்கினார். 2020 இல் அவர் மறைந்தார். அண்மையிலே கொலோபிளாஸ்ற் நிறுவனம் ஒட்டுத் தட்டின் கீழ் ஈரத்தை உணரும் மெல்லிய படலத்தை இட்டு, கசிவு வெளித்தெரியுமுன்னரே தொலைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் முறையைப் பிரித்தானியாவிற் புகுத்தியுள்ளது.

உணர்கருவிகளின் கவர்ச்சி பெரிது. ஆயினும் நமக்கு அவற்றிலும் பயனுடைய சான்று வேறிடத்திலுள்ளது. சீனாவிலே, வீடு திரும்பிய குடல்வாய் நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு வழக்கமான பின்தொடர்தலோடு கைத்தொலைபேசிச் செயலிவழிப் பராமரிப்பையும் வழங்கி நடத்திய ஆய்வொன்று 2018 இல் வெளியாயிற்று. செயலி பெற்றோரின் உளச்சமூக இசைவும், தம்மைத் தாமே பேணமுடியும் என்ற நம்பிக்கையும் மேம்பட்டிருந்தன. இம்முடிவின் உட்பொருளை நிதானமாக நோக்குதல் வேண்டும். செயலி தோலை ஆற்றியது என்பதைவிட, அச்சத்தைத் தணித்தது என்பதே அதன் சாரம். அதுவும் செயலி தனித்துச் செய்த வேலையன்று. அதன் மறுமுனையிலே பயிற்சி பெற்ற தாதியர் இருந்தனர். தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டு, மறுமுனையில் எவரையும் அமர்த்தாது விடுவோமாயின், நாம் கொடுத்தது நூலகமேயன்றிப் பராமரிப்பன்று.

செயலியின் உடைமை பற்றிய வினாவையும் எழுப்பியாதல் வேண்டும். இன்று இலவசமாகக் கிடைக்கும் செயலிகளிற் கணிசமானவை பை உற்பத்தி செய்யும் பல்தேசியக் கம்பனிகளால் ஆக்கப்பட்டவை. ஒரு தாதியின் சகோதர பாசத்திலிருந்து பிறந்த பொருள், 1957 இலே கொலோபிளாஸ்ற் என்ற கம்பனியாகி இன்று உலகச் சந்தையில் நிற்கின்றது. கம்பனி தரும் அறிவுரை பொய்யென நாம் கூறவில்லை. பெரும்பாலும் அது சரியானதே. ஆனால் அந்த அறிவுரை ஒவ்வொரு இடர்ப்பாட்டுக்கும் மேலுமொரு பொருளைப் பரிந்துரைக்கின்றது. தோல் சிவந்ததா, பாதுகாப்புத் தூவி, பள்ளம் உண்டா, பசைவளையம், மணமா, மணநீக்கி. தென்கிழக்குக் கரையின் மீனவக் குடும்பமோ, வயற்கூலிக் குடும்பமோ வாங்கவியலாத பொருள்களின் பட்டியலாகவே அச்செயலி முடிகின்றது. பையையே பெறமுடியாது பொலித்தீன் உறையையும் பழந்துணியையும் கட்டிக்கொள்ளும் ஏழை நோயாளர் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். அத்தகையோருக்கு என்ன கூறுவது என்பதைப் பை விற்பவர் எழுதுவாரா? பைகள் இந்நாட்டுக்கு இறக்குமதியாகும் பொருள். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இன்றியமையா மருந்துகளே தட்டுப்பட்டன என்பதை நாம் மறந்துவிடலாகாது. எந்த வைத்தியசாலையிற் பை கையிருப்பில் உள்ளது, பை இல்லாதபோது தோலைக் காப்பது எங்ஙனம் என்ற இரண்டையும் கூறாத செயலி நமது சூழலுக்கு அலங்காரப் பொருளே.

உணவு பற்றிய பகுதி இன்னும் வேடிக்கையானது. குடலை அடைக்கக்கூடியவை என மேனாட்டுச் செயலிகள் தரும் பட்டியலிலே சோளப்பொரி, காளான், செலரித் தண்டு முதலியன இடம்பெறுகின்றன. வினாயகபுரத்தில் அல்லது மருதமுனையில் வாழும் ஒருவருக்கு எழும் ஐயங்கள் வேறு. முருங்கைக்காயின் சக்கை, பலாச்சுளையின் நார், நாருள்ள மாம்பழம், கறியிலும் சம்பலிலும் புட்டிலும் இடைவிடாது வரும் தேங்காய்ப்பூ ஆகியனவே நமது சமையலறையின் இடர்கள். தேங்காய்ப்பூவைப் பிழிந்து பாலாக்கினால் இடர் குறையும் என்பது எந்தத் தாய்க்கும் இரு சொற்களில் விளங்கும். சுறாப்புட்டையும் கருவாட்டையும் நாள்தோறும் உண்ணும் கரையிலே, மீனும் முட்டையும் உள்ளியும் மணத்தை மிகுவிக்கும் என்ற செய்தியை எவ்வாறு கூறுவது? 'தவிர்க்க' என்று ஒரு சொல்லிற் கூறிவிடுவது வீட்டின் வறுமையை அறியாதவர் செயல். மீனே அவ்வீட்டின் மலிவான புரதம். வெளியே செல்லும் நாளில் மாத்திரம் விலக்குமாறு கூறுவதே உகந்தது. சோறும் வாழைப்பழமும் வெளியேற்றத்தைக் கெட்டியாக்கும் என்பது நமக்கு வாய்ப்பான செய்தி.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுதல் வேண்டும். மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கமுடியும் என்பதை இந்நாட்டிலே 19 ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியவர் மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இலங்கை வந்த அவர் உடலமைப்பு நூலையும், இரண வைத்தியம் என்ற பெயரில் அறுவை நூலையும் தமிழாக்கி, தமிழ் வழியே மருத்துவர்களைப் பயிற்றினார். அவர் வடமொழிச் சொற்களைத் தாராளமாக ஆண்டார். பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்திற் பெயர்த்தார். பிற்காலத்திலே அரச கருமமொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். இவ்வளவு முதிசம் இருந்தும், இன்று கிடைக்கும் தமிழ் உடல்நலச் செயலிகள் பலவற்றின் தமிழ் இயந்திரத்தால் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது. வினைமுற்று எங்கே, எழுவாய் எங்கே எனத் தேடவேண்டியுள்ளது. செயலியின் தமிழ் எத்தமிழாக இருத்தல் வேண்டும் என்ற வினாவுக்கு நாம் தரும் விடை எளியது. கலைச்சொல் ஒன்றிரண்டே போதும். ஏனையவை அம்மக்கள் பேசும் தமிழாக இருக்கட்டும். ஒட்டுத் தட்டு, பை, புண், கசிவு, அடைப்பு என்ற சொற்களுக்கு அகராதி வேண்டியதில்லை. எழுத்தைவிடக் குரல் சிறந்தது. வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் கணவரோடும் மக்களோடும் இமோவிலும் வட்ஸ்அப்பிலும் நாள்தோறும் பேசிப் பழகிய மூதாட்டியருக்குக் குரற்செய்தி கைவந்த கலை. எழுதத் தயங்குவோர்கூடத் தமது துன்பத்தைத் தடையின்றிக் கூறுவர். மட்டக்களப்பு, அம்பாறை வழக்கிலே பேசப்பட்ட குரற்பதிவுகள் அவர்களிடம் இலகுவிற் சென்றடையும்.

தொலைபேசி எவருடையது என்பது அடுத்த சிக்கல். மேனாட்டுச் செயலி ஒருவருக்கு ஒரு தொலைபேசி என்ற அனுமானத்திற் கட்டப்பட்டது. நமது வீடுகளில் தொலைபேசி மகனுடையது அல்லது பேத்தியுடையது. குடல்வாயின் படம் எடுக்கப்பட்டதும் அது அதே தொலைபேசியின் படத்தொகுப்பிலே திருமணப் படங்களோடு கலந்து கிடக்கும். இத்துடன் இப்பகுதியின் குடும்ப அமைப்பையும் கருதல் வேண்டும். கிழக்குக் கரையிலே தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடி முறை நிலவுவதையும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகி ஆண் மனைவியின் இல்லத்திற் சென்று வாழ்வதையும் நூர் யல்மான், அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வரே முதலிய மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளனர். இவ்வமைப்பு பெண் நோயாளிக்குப் பெரும் அரண். தாயும் தமக்கையும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பர். ஆண் நோயாளியின் நிலை வேறு. மாமியாரும் மைத்துனிமாரும் நடமாடும் வீட்டிலே, பொதுக் குளியலறையிலே அவர் பையை வெற்றாக்கவேண்டியுள்ளது. மனைவியொருத்தியே அவருக்குத் துணை. ஆண்கள் இந்நோயை மறைக்க முற்படுவதற்கு ஆண்மை பற்றிய எண்ணம் மாத்திரமன்றி வீட்டின் அமைப்பும் காரணமாகலாம் என நாம் கருதுகின்றோம். செயலியில் இரகசியக் குறியீட்டுப் பூட்டு வேண்டும், படங்கள் படத்தொகுப்பிற் சேராமல் உள்ளேயே அடைபடல் வேண்டும் என்பன தொழினுட்ப அலங்காரமல்ல. இவ்வீட்டுச் சூழலிலிருந்து பிறக்கும் தேவைகள். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாகவே வகுத்துள்ளது. சட்டம் கம்பனியைக் கட்டுப்படுத்தலாம். பேரனின் விரலைக் கட்டுப்படுத்துவது பூட்டே.

சமய வாழ்வு இக்கரையின் நாளாந்தத்தை வகுப்பது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் நோயாளி வைத்தியரிடம் கேட்கத் தயங்கும் முதல் வினா 'நான் தொழலாமா?' என்பதே. தொழுகை இல்லையென்று தாமே முடிவுசெய்து பள்ளிவாசலையே விட்டொதுங்குவோருக்கு இது உயிர் வினா. இலங்கை முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் இதனை முற்றாக அறியாதவையல்ல. 13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி தமது மின்ஹாஜ் என்ற நூலிலே, இயற்கை வாயில் அடைபட்டு வயிற்றின் கீழ்ப்புறத்தில் வேறொரு வாயில் திறக்குமாயின் அதன்வழி வெளியேறுவதும் வுழூவை முறிக்கும் என்று எழுதியுள்ளார். இவ்வறுவை முறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே சட்ட அறிஞர் இத்தகைய உடலை எண்ணிப் பார்த்திருக்கின்றனர் என்பது வியப்புக்குரியது. தொடர்ந்து வெளியேற்றம் உள்ளவர் தொழுகை நேரம் வந்ததும் சுத்தம் செய்து, ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பதும் அம்மத்ஹபின் பழைய விதி. விலக்கல்ல, வழியே கூறப்பட்டுள்ளது. ஜம்இய்யத்துல் உலமாவின் பிரதேசக் கிளைகளைச் சேர்ந்த ஆலிம் ஒருவரின் குரலில் இவ்விளக்கம் செயலியில் இடம்பெறுமாயின், பத்து வைத்தியர் கூறுவதைவிட அது வலிமையுடையது. பாங்கு நேரத்துக்குச் சற்று முன்னர் பையை வெற்றாக்குமாறு நினைவூட்டுவதும் கடினமன்று. நோன்பு பற்றிய எச்சரிக்கையும் வேண்டும். சிறுகுடல் வாயிலுடையவர் பகல் முழுதும் நீரின்றியிருப்பது ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் தரும் சலுகையை வைத்தியரும் ஆலிமும் ஒருங்கே எடுத்துரைத்தல் நன்று.

இந்துக்களிடையே வினா வேறு வடிவில் எழுகின்றது. மலம் வயிற்றிலே தொங்கும்போது கோயிலுள் நுழைதல் துடக்காகுமோ என்ற ஐயம் அது. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கடலாடும் ஆயிரவருள் ஒருவராக நிற்க முடியாதே என்பது வினாயகபுரத்து நோயாளியின் ஏக்கமாக இருக்கலாம். குடல் எல்லோருக்கும் உண்டு, அதன் வாயில் மாத்திரமே இடம் மாறியது என்று கூறுவது எளிது. நம்பச் செய்வது அரிது. மருத்துவ நிலையிற் கூறின் தடையில்லை. புண் ஆறியபின் பையோடு நீராடலாம், நீந்தலாம். நீர் குடல்வாயினுள் புகாது. கடலாடிய பின்னர் தட்டின் விளிம்பு ஊறியுள்ளதா எனப் பார்த்து மாற்றினாற் போதும். இக்கரையின் வெக்கையும் வியர்வையும் பசையை நெகிழ்விப்பதால், குளிர்நாட்டுச் செயலி கூறும் கால இடைவெளியை இங்கு அப்படியே கொள்ள இயலாது என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும்.

எனவே இக்கரைக்குரிய செயலி எவ்வாறு அமையலாம்? வலையிணைப்பு அறுந்தவேளையும் இயங்குவதாக, விலைகுறைந்த தொலைபேசியிலும் ஓடுவதாக, தமிழிற் பேசுவதாக அது இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளிலே இக்கரை தன் வீடுகளையும் பாதைகளையும் ஒருங்கே இழந்தது. அத்தகைய நாளிற் கையிலுள்ள அறிவே கைகொடுக்கும். அதன் மறுமுனையில் நிற்பவர் யார் என்பது தலையாய வினா. குடல்வாய்ப் பராமரிப்பிற் பயிற்சி பெற்ற தாதியர் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஆயின் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி நமது சுகாதார அமைப்பில் உண்டு. வீடு சென்று பார்ப்பது அவர்தம் கடமையுள் அடங்கும். அவர் நோயாளியின் வீட்டில் நின்று எடுத்தனுப்பும் படத்தை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள அறுவைப் பிரிவின் தாதி பார்த்து விடையளிக்கும் ஓர் ஒழுங்குக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. கல்முனையிலே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் சிறு தொலைவில் நிற்கின்றன. அவ்விரட்டைத்தன்மையின் பின்னுள்ள இன அரசியலை ஈண்டு ஆராயோம்; குடல்வாய் நோயாளருக்கெனத் தனித்தனியே இரு செயலிகள் தோன்றிவிடலாகாது என்று மாத்திரம் கூறிவைப்போம். ஒட்டுத் தட்டுக்கு இனம் தெரியாது.

மற்றொன்று பழைய நோயாளரைப் பற்றியது. நோர்மா கில் செய்த பணியை இங்கும் செய்யவல்லோர் உளர். ஐந்து ஆண்டுகளாகப் பையோடு வயலுக்குச் சென்றுவரும் ஒருவர், நேற்று வீடு திரும்பியவருக்குக் குரலால் துணை நிற்கமுடியும். தம் பெயரை வெளியிடாது பேசும் வசதியைச் செயலி தருமாயின் அவர் முன்வருவார். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இதிற் பங்குகொள்ளக்கூடும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் உள்ளனர். முதற்படியாகச் செயலிகூட வேண்டியதில்லை. அளவெடுத்தல், வெட்டுதல், ஒட்டுதல், உப்புக் கரைசல், ஆபத்தின் அறிகுறிகள் என ஐந்து பொருள்கள்மீது இரண்டிரண்டு நிமிடக் குரற்பதிவுகளைத் தாதியரின் மேற்பார்வையில் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்க்கலாம். எந்தப் பதிவை எவர் மீண்டும் கேட்டனர், எவ்விடத்தில் ஐயுற்றுத் திருப்பிக் கேள்வி அனுப்பினர் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன் மீது செயலியைக் கட்டலாம்.